தையல் மெசின் இருந்த இடம்

எங்கள் வீட்டு ஹாலில் வெளிச்சம் நன்றாக விழுகிற சன்னல் ஒன்றே ஒன்றுதான். மலைப் பக்கம் பார்த்தாற்போல இருக்கும். அதன் கீழே என் மனைவியின் தையல் மெசின் இருந்தது. அதைத் தூக்கிப் பின்பக்கம் போட்டவன் நான். எதற்காக என்று யாராவது கேட்டால், பாட்டு சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக என்று சொல்ல வேண்டியிருக்கும். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிடுவார்களோ என்கிற பயத்தில் நானே சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், ஸ்பின்னிங்கில், மீசை முளைத்த வயசிலிருந்து தலை நரைக்கிற வரைக்கும் நின்றவன் நான். உள்ளே மெசின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எங்களுக்குள் பேச்சு எல்லாம் கையால்தான். கட்டைவிரல் உதட்டருகே போனால் டீ. உள்ளங்கை நெற்றிக்கு நேரே வந்தால் சூப்பர்வைசர் வருகிறார். வெளியே வந்து வாயைத் திறந்தால், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிப் பேசுவோம். "மில்லுக்காரவுக ரகசியம் பேசினா மம்சாபுரம் வரைக்கும் கேக்கும்" என்பாள் என் மனைவி. அவள் பேச்சு அப்படித்தான், ஒன்று சொன்னால் மனசில் ஒட்டிக்கொள்ளும்.

ஓய்வு பெற்றபோது எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஒரு பாட்டை முழுசாக, எந்த இரைச்சலும் குறுக்கே வராமல் கேட்க வேண்டும். வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களிடமிருந்து ஒரு ஆம்ப்ளிபயரும், இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தேன். அவர்கள் வீட்டில் போட்டுக் காட்டியபோதே பாட்டு கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. பாவம், அவர்களுக்குப் பெட்டியை வைக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஹாலிலும் அதே மந்தம். பாடுகிறவரின் குரல் வந்தது, மிருதங்கம் வந்தது, ஆனால் எல்லாவற்றின் ஓரமும் மழுங்கி வந்தது. ஜால்ரா எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. புல்லாங்குழலின் மேல் ஸ்தாயியில் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. படிப்பு எனக்குக் கம்மி. எதையும் கேட்டும் பார்த்தும் நோண்டியும்தான் கற்றுக்கொண்டவன். செல்போனில் வீடியோக்களைப் பார்த்து, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். மூலைக்குக் கொண்டுபோனேன். என் நாற்காலியைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அடியில் செங்கல் கொடுத்தேன், செங்கலை எடுத்துவிட்டு ரப்பர் கொடுத்தேன். முன்னால் இருந்த துணி மூடியைக் கழற்றி எறிந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஷோகேஸ் நகர்ந்தது, கட்டில் நகர்ந்தது, சாமி படம் ஒருதரம் ஆணி மாறியது.

"இந்தப் பொட்டி ரெண்டும் நம்ம வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மருமகளுகளா?" என்றாள் மனைவி. "ஒரு எடத்துல நெலையா ஒக்கார மாட்டேங்குதுகளே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்லில் கூட நின்ற கூட்டாளிகள் வருவார்கள். டீ வரும், பாட்டு போடுவேன். எங்களுக்குள் அது ஒரு பஞ்சாயத்து மாதிரி. பாட்டு ஓடும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. பழைய பழக்கம்தான், கையாலேயே தீர்ப்புச் சொல்வார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால், போதாது. விரலை மேலே தூக்கினால், இன்னும் ஏற்று. எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர், எனக்கு வேலை பழக்கிக் கொடுத்தவர், பாட்டு முடிந்ததும் சொன்னார்.

"ஏலே, பாட்டு கம்பளியைப் போத்திக்கிட்டுல்ல பாடுது. கம்பளியை உருவி விடு."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் ஒருவன் சொன்னால் என் காது தப்பாக இருக்கலாம், இத்தனை பேரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்களே என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இத்தனை பேரும் ஒரே மில்லின் ஒரே இரைச்சலில் நின்றவர்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை.

கம்பளியை உருவ இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, கூர்மையான ஓசைகளை மட்டும் தருகிற டுவீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர்களை வாங்கிவந்து, பெட்டிக்கு ஒன்றாகத் தலைமேல் வைத்தேன். ஆம்ப்ளிபயரில் அதே ஓசைகளைக் கூட்டுகிற டிரெபிள் குமிழை வலது பக்கம் முட்டுகிற வரைக்கும் திருகினேன். இரண்டாவது காரியம்தான் என்னை இப்போதும் அறுத்துக்கொண்டிருக்கிறது. வீடியோவில் ஒருத்தர், துணி இருக்கிற அறையில் மெல்லிய ஓசைகள் நிற்காது, துணி அதைத் தின்றுவிடும் என்று சொன்னார். எங்கள் ஹாலில் துணிக்கு என்ன குறைச்சல்?

மனைவி நைட்டி தைப்பாள். தளவாய்புரத்திலிருந்து வெட்டின துணி மூட்டை மூட்டையாக வரும், தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெசினைச் சுற்றி எப்போதும் பூப்போட்ட துணிக் குவியல். கழுத்து ஓரத்துக்குப் பைப்பிங் பட்டி வைப்பதில் அவள் கைக்கு அங்கே ஒரு பேர் உண்டு. "அக்கா தச்ச கழுத்து மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்காது" என்று மூட்டை கொடுக்கிறவர் சொல்வாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் மில்லில் எத்தனையோ வருசம் நின்றும், என் கையைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த மெசினையும் மூட்டைகளையும் அடுப்படிக்குப் பக்கத்தில், சிலிண்டர் நிற்கிற ஒடுக்கத்துக்கு மாற்றச் சொன்னேன்.

"எனக்கு சன்னல் வெளிச்சம் வேணுமே" என்றாள்.

"டியூப் லைட் போட்டுத் தாரேன்."

"கறுப்புத் துணியில கறுப்பு நூலு டியூப் லைட்டுல தெரியுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு, மெசினின் தலையைத் துணியால் மூடினாள். "செத்த நாளைக்குத்தான?"

"செத்த நாளைக்குத்தான்" என்றேன்.

மெசின் இருந்த இடத்தில் இடது பெட்டி வந்து உட்கார்ந்தது. ஹால் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி வெறிச்சென்று ஆயிற்று. அந்த ஞாயிறு கூட்டாளிகளின் விரல்கள் கீழே இறங்கின. "இப்பந்தாம்லே பாட்டுக்கு முழிப்பு வந்திருக்கு" என்றார் மூத்தவர். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காலை, மாலை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று பாட்டு ஓடியது.

மனைவிக்குத் தலைவலி வந்தது அதற்குப் பிறகுதான். புருவங்களுக்கு நடுவில் ஆணி இறக்குகிற மாதிரி என்பாள். நெற்றியில் தைலம், அதன் மேல் ஒரு துணிக்கட்டு. ஒருநாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"செத்தக் கொறைங்களேன். காதுக்குள்ள மொளகாத்தூளத் தூவினாப்ல இருக்கு."

"நல்ல சத்தம் கேட்டுப் பழகாத காது, அதான். போகப் போகப் பழகிரும்" என்றேன்.

அவள் அதை நம்பினாள். மில்லில் இருந்த மனுசன், மெசின் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்கிற மனுசன், சத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா என்று நினைத்திருக்கிறாள். இதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

தலைவலி தாங்க முடியாதபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள். போன மறுநாளே போன் வரும். "இங்க வந்தா என்னமோ தலைவலி விட்டுருதுங்க." இதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அங்கே அவள் தைப்பதில்லை. ஆகவே தலைவலிக்குக் காரணம் தையல். என் மூளை எவ்வளவு வேகமாக அந்த முடிவுக்கு ஓடியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அங்கே தையல் மட்டுமா இல்லை? என் பெட்டிகளும்தான் இல்லை.

கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி போட வைத்தேன். "ஒழைச்சது போதும், இனிமே எதுக்கு ஒனக்கு இந்தக் கண்ணெரிச்சல்" என்று அக்கறையாகப் பேசினேன். பொய்யான அக்கறை இல்லை, உண்மையான அக்கறைதான். அதுதான் இதில் மோசமான பகுதி. அவள் முடிவெடுக்கத் தயங்கிக்கொண்டிருந்தபோது, தளவாய்புரத்துக்காரருக்கு நானே போன் போட்டு, "இனிமே அவ தைக்க மாட்டா, வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசி மூட்டையைத் தைத்து முடித்து, ஒவ்வொன்றாக நூல் பிசிறை வெட்டி, வழக்கத்தைவிட நேர்த்தியாக மடித்துக் கொடுத்து அனுப்பினாள்.

தைப்பதை நிறுத்தியும் தலைவலி நிற்கவில்லை. "அப்ப வயசுதான் போலருக்கு" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை, மைத்துனியையும் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலையைச் சொல்கிறேன். புரட்டாசிக் கூட்டம் இல்லாத நாள். தரிசனம் முடிந்து படியிறங்கி மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். எனக்கு அந்த அமைதி ரொம்பப் பிடித்திருந்தது. காற்று இலையை அசைப்பதும், மேலே மணி அடிப்பதும், அவ்வளவுதான்.

மைத்துனி காதைப் பொத்திக்கொண்டாள். "இதென்னக்கா, இந்தச் சில்வண்டு இப்பிடிக் கத்துது!"

"மரத்துக்கு மரம் ஒக்காந்து ராவுதுக" என்றாள் மனைவி. "எந்திரி, அங்கிட்டுத் தள்ளிப் போயிருவோம். அத்தானோட பொட்டி மாதிரியே இருக்கு. எனக்குத் தலைவலி வந்துரும்."

"எங்க கத்துது?" என்றேன்.

மைத்துனி சிரித்தாள். "அத்தான் வெளையாடுதாக."

"வெளையாடல. எங்க?"

"எங்கயா? காது ரெண்டும் கிழியுது, எங்கங்கிறீகளே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு குடும்பமும் இலையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனது. ஒரு சின்னப்பிள்ளை போகிற போக்கில் காதில் விரலை வைத்திருந்தது. நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். இலைகள் இருந்தன. நான் அமைதி என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்த இடத்தில் இவர்கள் உட்கார முடியாமல் எழுந்து போகிறார்கள். கையில் எடுத்த புளியோதரையை இலையிலேயே வைத்தேன். சில்வண்டு கேட்காததைவிட, அவள் சொன்ன இன்னொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அத்தானோட பொட்டி மாதிரியே.

மறுநாள் கூட்டாளிகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். பெரிய பெட்டிகளுக்குப் போகிற ஒயர்களைக் கழற்றிவிட்டு, மேலே நான் ஒட்டுப்போட்ட டுவீட்டர்களை மட்டும் விட்டு, பாட்டைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று திருகிப் பார்த்தேன். வரவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். டுவீட்டருக்கு நேரே காதைக் கொண்டுபோனேன். தூரத்தில் யாரோ நடந்து போகிற மாதிரி லேசாக ஒரு சரசரப்பு. இன்னும் கூட்டினேன்.

மனைவி ஓடி வந்தாள். ஒரு காதில் கை, இன்னொரு கையில் கரண்டி. "எதுக்கு இப்பிடி அலற விடுதீக? நிப்பாட்டுங்க!"

நிறுத்தினேன். எனக்கு எதுவும் நின்ற மாதிரித் தெரியவில்லை. அவள் முகம் மட்டும் தளர்ந்தது.

அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மேல் ஓசைகள் கேட்கவில்லை என்பதை. கேட்காத ஓசையைக் கேட்பதற்காக அதை ஏற்றிக்கொண்டே போனேன் என்பதை. அது அத்தனையும் அவள் தலைக்குள் இறங்கியிருக்கிறது, தையலுக்கும் தலைவலிக்கும் சம்பந்தமே இல்லை என்பதை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்ப நான் பேசுறது கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

"பொறவு கேக்காமப் போயிருமா?"

"தெரியல."

"நாளைக்கே டாக்டரப் பாப்போம்" என்று எழுந்து போய்விட்டாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டர், என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், "மில்லா?" என்று கேட்டார். போனது திரும்பாது, இருப்பதைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது மனைவி என் பக்கம் சாய்ந்து, வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசிக்கொண்டு வந்தாள். அந்தக் கரிசனத்தை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு இழப்பு வந்ததும் அவள் இழப்பை அவள் மறந்துவிட்டாள். நான் பறித்தது போதாதென்று, அதற்காகக் கோபப்படுகிற உரிமையையும் என் காது பறித்துக்கொண்டது.

ஆனால் கோபம் வந்தது, கொஞ்ச நாள் கழித்து. அவளே தளவாய்புரத்துக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "சரி... அப்பிடியா... நல்லாத் தைப்பாளா... சரி சரி, இருக்கட்டும்." போனை வைத்தாள். தரையைப் பெருக்க ஆரம்பித்தாள். இடது பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் துடைப்பம் நின்றது.

"எம் பைப்பிங்க இப்ப இன்னொருத்தி வைக்கிறா" என்றாள். "காது போனது ஒங்களுக்கு. நாங் குடுத்தது வேலைய."

"நாங் கேட்டுப் பாக்கட்டா?"

"வேலைய நிப்பாட்டுனதும் நீங்கதான் பேசுனீக. வாங்கித் தாரதுக்கும் நீங்கதான் பேசணுமாக்கும்?" துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "மெசினத் தூக்குறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டீகளா? சொன்னீக. கேக்கல."

அன்றைக்கே பெட்டியை எடுத்துவிட்டு மெசினைச் சன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன். டுவீட்டர்களைக் கழற்றினேன். அவள் மெசின் பக்கமே போகவில்லை. தைக்க ஒன்றும் இல்லாமல் அதில் என்ன செய்வாள்? மூடியிருந்த துணியைக்கூட எடுக்கவில்லை.

கூட்டாளிகளிடம் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். அப்புறம் மூத்தவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப எம்மருமக முணுமுணுக்கான்னு வஞ்சுக்கிட்டே இருக்கேனே" என்றார். அதற்கு யாரும் கையால்கூட ஒன்றும் சொல்லவில்லை.

தளவாய்புரத்துக்கு நான் போனேன். அவளுக்குத் தெரிந்தேதான் போனேன். "போயிட்டு வரட்டா?" என்று கேட்டேன். "போங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். மூட்டை கொடுக்கிறவர், என்னைவிட இளையவர், வாசலில் நின்றே பேசினார்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு நல்ல கைதான். நான் இல்லைங்கல. ஆனா நீங்கதான போன்ல அந்தப் போடு போட்டீக? நானும் உடனே ஒரு ஆளப் போட்டுட்டேன். அந்தப் பிள்ளையும் இந்தத் தையல வச்சுத்தான் பொழைக்கிறவ. இப்ப அவள நிப்பாட்டச் சொல்லுதீகளா?"

நிறுத்தச் சொல்ல முடியுமா? ஏற்கெனவே ஒருத்தியின் வேலையை நிறுத்தினவன் நான். தப்பு என்னுடையது, அவளுக்குத் தலைவலி தையலால் இல்லை, என் பாட்டால், என்று அந்த வாசலில் நின்று சொன்னேன். அவருக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்துவந்தார். பைப்பிங் இல்லை. உள்பாவாடைக்கு நாடா கோர்க்கிற மடிப்புத் தைக்கிற வேலை. பழகாதவர்களுக்குக் கொடுப்பது.

"இப்பதைக்கு இது. பொறவு இடம் வந்தா பாப்போம்."

வண்டியில் வைத்துக் கட்டி வந்தேன். மனைவி மூட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேரா ஓட்டுற தையல். இத இவ்வளவு நாள் தச்சவகிட்டக் குடுத்து விட்டுருக்காக" என்றாள். அவ்வளவுதான். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நின்றேன். மெசினின் மேலிருந்த துணியை எடுத்து உதறி, ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடியைத் தேடினாள்.

இப்போது தைக்கிறாள். தலைவலி இல்லை. பழைய வேலை இன்னும் வரவில்லை. வரும் என்று நான் சொன்னால் மெசினை ஓட்ட ஆரம்பித்துவிடுவாள். பாட்டு சாயங்காலம் மட்டும்தான், டிரெபிள் குமிழ் அவள் திருகி வைத்த இடத்தில். எனக்கு அது பழையபடி கம்பளிக்குள் இருந்துதான் வருகிறது. அவளுக்குச் சரியாக இருக்கிறது என்கிறாள். எது உண்மையான பாட்டு என்பதை இனி அவளைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று வந்த மூட்டையை அவள் வலது பெட்டிக்கு முன்னால், அதன் வாயை அடைத்த மாதிரி, சாய்த்து வைத்திருக்கிறாள். வேண்டுமென்றா, இடம் இல்லாமலா என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துப் பாட்டு துணிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒரு அடி தள்ளி வைத்தால் போதும். கை பரபரக்கத்தான் செய்கிறது. அவளைக் கேட்டுவிட்டு நகர்த்தலாம். கேட்டால் சரி என்றுதான் சொல்வாள், மெசினைத் தூக்கிய அன்றைக்கும் "செத்த நாளைக்குத்தான?" என்று அப்படித்தானே விட்டுக்கொடுத்தாள். அதனால்தான் கேட்க வாய் வரவில்லை.